தாண்டினால் சமஸ்தானம்: காரைக்குடி எந்த எல்லையில் இருக்கிறது?

தம்பி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி. "காரைக்குடி எல்லை ஊர், அதைத் தாண்டினா சமஸ்தானம்" என்று உங்கள் தாத்தா சொல்வாராம், அது எந்த எல்லை என்பது முதல் கேள்வி. ஜனவரியில் மனைவியோடும் பத்து வயது மகனோடும் இரண்டு நாள் வருகிறோம், பெரிய வீடுகளைத் தவிர பார்க்க என்ன இருக்கிறது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டு வந்தால் இரண்டாவது தானாகவே பாதி தீர்ந்துவிடும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தாத்தா சொன்னது சரிதான். இன்றைக்கு வரைபடத்தில் பார்த்தால் காரைக்குடி சிவகங்கை மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. திருச்சி சாலையில் கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று வரிசையாக ஊர்கள் வரும். கானாடுகாத்தானைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதுக்கோட்டை மாவட்டம் தொடங்கிவிடும். இப்போது அது வெறும் மாவட்ட எல்லை, ஒரு பலகை, அவ்வளவுதான். ஆனால் 1948 மார்ச் 3 வரைக்கும் அந்தப் பக்கம் தொண்டைமான் மன்னரின் புதுக்கோட்டை சமஸ்தானம். இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் ஆண்ட ராமநாதபுரம் ஜில்லா, அதற்குள் சிவகங்கை ஜமீன். செட்டிநாடு என்று நாம் ஒரே பெயரில் சொல்கிற ஊர்க்கூட்டம் இந்தக் கோட்டின் மேல் குறுக்கே படுத்துக் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கண்டனூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி எல்லாம் இந்தப் பக்கம். ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, விராச்சிலை, குழிபிறை, பனையப்பட்டி, மேலச்சிவபுரி எல்லாம் சமஸ்தானத்துப் பக்கம்.

எங்கள் குடும்பமே இதற்கு ஒரு உதாரணம். அப்பத்தா (அப்பாவின் அம்மா) வீடு பள்ளத்தூர், ஆயா (அம்மாவின் அம்மா) வீடு ராயவரம். சமஸ்தானம் போய் எத்தனையோ வருஷம் ஆன பிறகும் ஆயா பள்ளத்தூருக்கு வருவதென்றால் "அங்கிட்டு வர்றேன்" என்றுதான் சொல்வார், ஏதோ வேறு நாட்டுக்குக் கிளம்புகிற மாதிரி. அவர் பெட்டகத்தில் ஒரு துணி முடிச்சு இருக்கும். அவிழ்த்தால் மிளகாய் விதையை விடக் கொஞ்சம் பெரிய செப்புக் காசுகள். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய'. அதுதான் அம்மன் காசு, புதுக்கோட்டை சமஸ்தானம் தன் பெயரில் அடித்துக்கொண்ட நாணயம். நவராத்திரியின்போது அரண்மனையில் அரிசியோடு இந்தக் காசையும் சேர்த்துக் கொடுப்பார்களாம். நாங்கள் அதை வைத்துப் பல்லாங்குழி ஆடித் தொலைத்தோம். இப்போது காரைக்குடி பழம்பொருள் கடையில் அதே காசைக் கண்ணாடிக்குள் வைத்து விலை சொல்லும்போது வயிற்றைப் பிசைகிறது.

சரி, இந்தக் கோடு எங்கிருந்து வந்தது? நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டிமார், வழிவழியாகச் சொல்லும் எல்லை வேறு: வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, கிழக்கே கடல், மேற்கே பிரான்மலை. காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுக் கிளம்பி வந்தவர்களுக்குப் பாண்டிய மன்னன் இந்த இடத்தைக் கொடுத்தான் என்பது மரபுக் கதை. இளையாத்தங்குடி முதல் பிள்ளையார்பட்டி வரை ஒன்பது கோயில்களாக, அதாவது கோயிலுக்கு ஒரு பிரிவாக, பிரிந்தது அதற்குப் பிறகு. தொண்ணூற்றாறு ஊர் என்பார்கள், இன்று எழுபத்தைந்து சொச்சம். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வெள்ளாறு. தெற்கு வெள்ளாற்றுக்கு வடக்கே இருந்த நிலத்துக்குக் கோனாடு என்று பெயர், தெற்கே கானாடு. கானாடுகாத்தான் என்ற ஊர்ப்பெயரில் அந்தக் கானாடு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள். சோழனும் பாண்டியனும் மாறி மாறி இழுத்த நிலம் இது. எல்லை என்பது இங்கே புதுசு இல்லை.

நமக்குத் தேவையான கோடு பதினேழாம் நூற்றாண்டில் விழுந்தது. ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளில் கிழவன் சேதுபதி என்கிற ரகுநாத சேதுபதி, தொண்டைமான் வீட்டுப் பெண்ணான காதலி நாச்சியாரை மணந்தார். அவருடைய அண்ணன் தம்பி உறவில் ரகுநாதத் தொண்டைமானுக்குப் புதுக்கோட்டைப் பகுதியை ஆளும் உரிமை கிடைத்தது. மைத்துனருக்குக் கொடுத்த சீர் ஒரு ராஜ்யமாக வளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேதுபதிகள் தங்கள் சீமைக்கு வடக்குக் காவலாக 1687இல் திருமயத்தில் கோட்டை கட்டினார்கள். அடுத்த நூற்றாண்டில் சேதுபதி வீட்டு வாரிசுச் சண்டை வந்தது. உதவிக்குப் போன தொண்டைமான் கைக்கு அந்தக் கோட்டையே வந்து சேர்ந்தது. யாரைத் தடுக்கக் கட்டினார்களோ, கோட்டை அவர்களுக்கே போயிற்று. எல்லைக் கோட்டைகளுக்கு இது சகஜம்.

அப்புறம் 1799, 1801. இந்த இரண்டு வருஷத்தில்தான் கோடு உண்மையில் ஆழமானது. பாஞ்சாலங்குறிச்சி விழுந்ததும் கட்டபொம்மன் வடக்கே ஓடிவந்து திருக்களம்பூர்க் காட்டில் பதுங்கினார். தொண்டைமான் ஆட்கள் பிடித்துக் கும்பினியிடம் (கிழக்கிந்தியக் கம்பெனியிடம்) கொடுத்தார்கள். 1799 அக்டோபர் 16இல் கயத்தாறில் தூக்கு. தம்பி ஊமைத்துரை 1801இல் பாளையங்கோட்டைச் சிறையை உடைத்து வெளியே வந்தபோது அடைக்கலம் கொடுத்தவர்கள் சிவகங்கை மருது சகோதரர்கள். சின்ன மருது அதே வருஷம் ஜூனில் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்திலும் வெள்ளையருக்கு எதிராக அறிக்கை ஒட்டவைத்தார். அக்டோபர் 24 அன்று இருவரையும் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதாவது கோட்டுக்குத் தெற்கே கும்பினியை எதிர்த்து அழிந்தவர்கள், வடக்கே கும்பினியோடு நின்று தப்பித்தவர்கள். தொண்டைமான் தன் குடிகளைக் காப்பாற்ற வேறு வழி இல்லை என்று புதுக்கோட்டைக்காரர்கள் சொல்வார்கள். நான் ஆயா ஊரில் அதற்குத் தலையாட்டிவிட்டு, அப்பத்தா ஊரில் மருதுவுக்காக மூச்சுவிடுகிறவன். பாதி ரத்தம் அங்கே, பாதி இங்கே, என்ன செய்வது.

உதவியதற்குப் பரிசாக 1803இல் கும்பினி தொண்டைமானுக்குக் கீழாநிலைக் கோட்டையையும் சுற்றியுள்ள நிலத்தையும் கொடுத்தது. அதற்கு ஒரு நிபந்தனை போட்டார்கள்: ஆண்டுக்கு ஒரு யானை கப்பம். ஆனால் யானையை யாரும் ஒருபோதும் கேட்டு வாங்கவில்லை. 1836இல் அந்த நிபந்தனையையே முறைப்படி நீக்கிவிட்டார்கள். சின்ன வயதில் இதைக் கேட்டபோது, கொடுக்காமல் விட்ட அத்தனை யானைகளும் எங்கே போயிருக்கும் என்று நான் கவலைப்பட்டதுண்டு.

இனி இந்தப் பக்கத்துக்கு வருவோம். காரைச் செடி மண்டிக் கிடந்த இடம் என்பதால் காரைக்குடி என்பார்கள். 1928இல் நகராட்சி, 2024இல் மாநகராட்சி. 2011 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்து ஆறாயிரம் பேர் சொச்சம், மாவட்டத் தலைநகரான சிவகங்கையை விடப் பெரிய ஊர். ஜமீன் இங்கே இல்லை, கோட்டை இல்லை, ஆறும் இல்லை. கொட்டுகிற மழையும் குறைவு. இப்படி ஒரு வறண்ட பூமியில் ஏன் இவ்வளவு பெரிய வீடுகள் என்று கேட்டால், காசு வந்த எல்லை வேறு. கடல் தாண்டி பர்மா, இலங்கை, மலாயா, சைகோன். 'கொண்டுவிக்கப் போவது' என்பது எங்கள் வீட்டுச் சொல். பையன் பதின்வயதில் அங்கே இருக்கும் கிட்டங்கிக்கு, அதாவது வட்டிக்கடைக்கு, போய்ப் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குக் கற்றுக்கொள்வான். மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் ஊருக்குத் திரும்புவான்.

இதற்கு ஒரே ஒரு சான்று போதும். 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது ஒரே நாளில் மூன்று ஊர்களில் கதவைத் திறந்தது: சென்னை, ரங்கூன், காரைக்குடி. நிறுவியவர் கானாடுகாத்தானைச் சேர்ந்த மு.சி.த.மு. சிதம்பரம் செட்டியார். மதுரை இல்லை, திருச்சி இல்லை, காரைக்குடி. அன்றைய வரைபடத்தில் ரங்கூன் எங்களுக்குப் பக்கத்து ஊர். ஆனால் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 1ஆம் தேதி பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்துவிட்டார்கள். விலை வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் போனதால் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் கால்வாசி செட்டிமார் கைக்கு வந்திருந்த நேரம். 1942இல் ஜப்பான்காரன் உள்ளே நுழைந்தான். நிலத்தையும் பத்திரத்தையும் அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள் எத்தனையோ பேர். பர்மாத் தேக்கில் தூண் நிறுத்திய வீடுகள் பெரும்பாலும் 1940களோடு நின்றுபோனதற்குக் காரணம் இதுதான். ஆக, உங்கள் தாத்தா சொன்ன எல்லை எங்களை ஒன்றும் செய்யவில்லை. அது தாண்டக்கூடிய எல்லை. பெண் கொடுத்தோம், எடுத்தோம். கடலுக்கு அப்பால் புதிதாக விழுந்த கோடுதான் வீடுகளைப் பூட்டவைத்தது.

வரலாறு போதும். இரண்டு நாளை எப்படிச் செலவழிப்பது?

என் யோசனை: ஒரு நாள் கோட்டுக்கு இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம். வருகிறவர்கள் எல்லோரும் கானாடுகாத்தான் வீடுகளைப் படம் எடுத்துவிட்டு, மதியம் வாழையிலையில் சாப்பிட்டுவிட்டு, திருமயத்தைப் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபடி போய்விடுகிறார்கள். எனக்கு இதில் தீராத வருத்தம். நீங்கள் திருமயத்தை முதலில் வையுங்கள், அதுவும் காலையில். பாறை சூடேறிவிட்டால் பையன் அழுவான்.

காரைக்குடியிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டர். சாலையோரத்தில் கோட்டைச் சுவரிலேயே பைரவர் இருக்கிறார். கோட்டை பைரவருக்குத் தேங்காய் உடைக்காமல் அந்த வழியில் வண்டி ஓட்டுகிறவர்கள் குறைவு. கோட்டை நாற்பது ஏக்கர் பரப்பு, ஒரு காலத்தில் ஏழு சுற்று மதில் இருந்தது என்பார்கள். இன்று மிச்சம் இருப்பதைச் சுற்றிப் பார்க்கவே ஒரு மணி நேரம் ஆகும். ஊமையன் கோட்டை என்றும் பேர் உண்டு, ஊமைத்துரையோடு சேர்த்து ஊரார் சொல்வது. பாறையில் பாதி ஏறினால் ஒரு குடைவரைச் சிவலிங்கம், உச்சியில் பீரங்கி. அங்கிருந்து பார்த்தால் தெற்கே செட்டிநாட்டு ஊர்களும் கண்மாய்களும் தெரியும். எல்லைக் காவல் என்றால் என்ன என்று அந்த இடத்தில் நின்றால் யாரும் விளக்க வேண்டியதில்லை.

மலையின் தெற்குச் சரிவில் இரண்டு குடைவரைக் கோயில்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று சத்தியகிரீஸ்வரர், மற்றது சத்தியமூர்த்திப் பெருமாள். பெருமாள் கோயில் திவ்யதேசம், திருமங்கையாழ்வார் 'திருமெய்யம்' என்று பாடிய தலம். உள்ளே பாறையில் படுத்த கோலத்தில் பெருமாள், சுற்றிலும் தேவர்கள், மது கைடபர், ஆதிசேஷன் கக்கும் நெருப்பு என்று சுவர் முழுக்க ஒரே கூட்டம். நாட்டிலேயே மிகப் பெரிய பள்ளிகொண்ட சிற்பத் தொகுதிகளில் ஒன்று இது. கண் இருட்டுக்குப் பழகும் வரை அவசரப்படாமல் நில்லுங்கள். முதலில் முகம் தெரியும், அப்புறம் மார்பு, கால் வரை பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும்.

இந்த இரண்டு கோயிலுக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. நிலம், வருமானம், கிணற்றுத் தண்ணீர் என்று சைவருக்கும் வைணவருக்கும் தகராறு முற்றி, பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஒரு ஹொய்சளத் தளபதி நடுவராக உட்கார்ந்து தீர்த்துவைத்தார். எது யாருக்கு என்று பங்கு பிரித்ததைக் கல்வெட்டிலேயே வெட்டிவிட்டார்கள். சேதுபதி வருவதற்கு நானூறு வருஷம் முன்பே திருமயத்தில் எல்லைத் தகராறு நடந்திருக்கிறது. அதைப் பக்கத்து வீட்டுச் சுவர்ச் சண்டை மாதிரியே பேசித் தீர்த்திருக்கிறார்கள்.

காங்கிரஸ் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்த ஊரும் இதுதான். பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். சமஸ்தானத்தில் பிறந்து, அந்த எல்லையைத் தாண்டி வந்து வெள்ளைக்காரனை எதிர்த்துப் பேசியவர்.

நேரமும் வண்டியும் இருந்தால் புதுக்கோட்டை வரை போகலாம். திருக்கோகர்ணத்தில் அருங்காட்சியகம், சித்தன்னவாசலில் தாமரைக்குள ஓவியம். ஆனால் குழந்தையோடு ஒரே நாளில் இதையும் திணிக்காதீர்கள். திருமயத்திலிருந்து திரும்பும்போது கடியாபட்டியில் நுழைந்து நாலு தெரு நடப்பது போதும். கானாடுகாத்தான் அளவுக்குக் கூட்டம் இருக்காது. பூட்டிய வீடுகளின் முகப்புச் சுதைகளைச் சாவகாசமாகப் பார்க்கலாம். லட்சுமிக்கு இரண்டு பக்கமும் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் நிற்பான். யானையும் விக்டோரியா ராணி சாயலில் ஒரு அம்மாவும் ஒரே வரிசையில் இருப்பார்கள். கொத்தனாருக்கு உலகம் முழுக்க ஒரே ஊர்.

வீட்டுக்குள் போக வாய்ப்புக் கிடைத்தால் இதைக் கவனியுங்கள். தெருவிலிருந்து நேர்க்கோட்டில் அடுக்கடுக்காகப் போகும்: திண்ணை, முகப்பு, பட்டாலை (கூடம்), வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி, கடைசியில் அடுத்த தெருவில் பின்வாசல். முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். வளவைச் சுற்றி வரிசையாகச் சின்ன அறைகள், ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. அவன் தனிக் குடும்பமாகி, கோயிலுக்குத் தனிப் புள்ளியாக (தனிக் குடும்பக் கணக்காக) வரி கட்டத் தொடங்குவான். சுவர் பளபளப்பாகக் கண்ணாடி மாதிரி இருக்கும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், கருப்பட்டி எல்லாம் சேர்த்துப் பூசியது. கன்னத்தை வைத்துப் பாருங்கள், சித்திரை மாதத்திலும் சில்லென்று இருக்கும். கூரையில் விழும் மழைத்தண்ணீர் நாலு மூலைத் தகரக்குழாய் வழியாக வளவுக்கு வந்து, அங்கிருந்து வடிந்து ஊருணிக்குப் போகும். ஆறில்லாத ஊர்க்காரன் புத்தி அது. யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் இடம் பெற்றதற்கு இந்தத் தெரு அமைப்பும் தண்ணீர் அமைப்பும் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

கானாடுகாத்தானில் எல்லோரும் காட்டுவது 1912இல் அண்ணாமலைச் செட்டியார் கட்டிய அரண்மனை. வெளியிலிருந்து பாருங்கள், போதும். அதற்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் சாயங்காலம் நடப்பதுதான் உண்மையான அனுபவம். செட்டிநாடு என்ற ரயில் நிலையம் இந்த ஊருக்குத்தான். நீங்கள் வரைபடத்தில் தேடியபோது அது மட்டும் தட்டுப்பட்டது என்று எழுதியிருந்தீர்கள், சரிதான். செட்டிநாடு என்று அரசாங்கக் கணக்கில் ஒரு தாலுகாவும் இல்லை, மாவட்டமும் இல்லை.

இன்னொரு நாள் காரைக்குடிப் பக்கம். காலையில் பிள்ளையார்பட்டி, பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். குடைவரைப் பிள்ளையார், இரண்டே கை, வலப்புறம் சுழிந்த தும்பிக்கை. கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை வடித்த கணபதி ஸ்தபதி பிறந்த ஊர் இது. திரும்பும் வழியில் குன்றக்குடி மலை முருகன். மதியம் நடை சாத்திவிடுவார்கள், பதினொரு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். பொங்கலை ஒட்டி வந்தால் பக்கத்தில் சிராவயல் மஞ்சுவிரட்டு நடக்கும். கூட்டம் லட்சக்கணக்கில் இருக்கும், குழந்தையோடு நான் போக மாட்டேன். பொதுவுடைமைத் தலைவர் ஜீவா ஆசிரமம் நடத்தியதும், 1927இல் காந்தி வந்து அவரைச் சந்தித்ததும் அந்தச் சிராவயலில்தான்.

மதியத்துக்கு மேல் ஆத்தங்குடி. பெரிய வீட்டை விட எனக்குப் பிடித்தது, தரையில் பதிக்கும் பூப்போட்ட கல் (டைல்ஸ்) செய்கிற பட்டறைகள். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, சாயம் கலந்த சிமென்ட் கரைசலை ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். மேலே காய்ந்த மணல் சிமென்ட் தூவி, பிறகு கலவை போட்டு அழுத்திவிடுவார்கள். காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறும். சூளையே கிடையாது. கண்ணாடியிலிருந்து கல்லைப் பிரிக்கும்போதுதான் அந்தப் பளபளப்பு வெளியே வரும். பத்து வயதுப் பையன் இதைப் பார்த்தால் நகர மாட்டான். அழகப்பர் கொடுத்த நிலத்தையும் கல்லூரியையும் விட அவனுக்கு இது பிடிக்கும்.

அழகப்பர் பேரைச் சொல்லிவிட்டேன், நாலு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. கோட்டையூரில் 1909இல் பிறந்தவர். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். பர்மாப் பணம் போன பிறகும் காரைக்குடி படுத்துவிடாமல் நிமிர்ந்து நின்றது என்றால் அது பள்ளி, கல்லூரிகளால்தான். அதே கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா பழைய தமிழ்ப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கண்டதையெல்லாம் சேர்த்துவைத்தார். ஆயுள் முழுக்கச் சேர்த்த அந்தக் குவியல்தான் இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகம். பாரதியும் இங்கே வந்திருக்கிறார். 1919இல் இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தபோது எடுத்த படம்தான் நாம் அடிக்கடி பார்க்கிற அவருடைய படங்களில் ஒன்று. கம்பன் மணிமண்டபத்தையும், அதே வளாகத்தில் இருக்கும் தமிழ்த்தாய் கோயிலையும் பார்த்துவிடுங்கள். கம்பன் கழகத்தை சா. கணேசன் 1939இல் தொடங்கினார். ஒரு மொழிக்குக் கோயில் கட்டியவர்கள் நாங்கள், கொஞ்சம் அலட்டிக்கொள்ள விடுங்கள்.

சாயங்காலம் பழம்பொருள் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் வீதி. மங்குச் சாமான் (பீங்கான் பூச்சுப் பாத்திரம்), மரவை (மரப் பாத்திரம்), ரவிவர்மா படம், ஒரு முழ நீளச் சாவி, இடித்த வீட்டுக் கதவு நிலை எல்லாம் தெரு முழுக்கக் கிடக்கும். எனக்கு இந்தத் தெருவுக்குப் போக ஆசையும் உண்டு, பயமும் உண்டு. ஒரு தடவை எங்கள் உறவு வீட்டு நிலையை, லட்சுமி மூக்கில் இருந்த உடைசலை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன். பங்காளிகள் பதினாறு பேர், ஒத்துப்போகவில்லை, வீட்டைப் பிரித்து விற்றுவிட்டார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

சாப்பாடு பற்றிக் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். செட்டிநாடு என்று பலகை வைத்து மற்ற ஊர்களில் கொட்டுகிற காரம் எங்கள் வீட்டில் கிடையாது. காலையில் வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் கிடைத்தால் விடாதீர்கள். கந்தரப்பம், மசாலாச் சீயம், கும்மாயம், கருப்புக் கவுனி அரிசி இனிப்பு. கவுனி பர்மாவிலிருந்து வந்த பழக்கம் என்பார்கள். அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்துச் செய்யும் வெண்டைக்காய் மண்டி எளிமையான பதார்த்தம், ஆனால் அதை வைத்துத்தான் நான் சமையலை மதிப்பிடுவேன். கண்டாங்கிச் சேலை வாங்குவதென்றால் கையால் நெய்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

திருமயத்தில் யானைக் கப்பத்தின் கதையை மட்டும் மகனிடம் சொல்லிவிடாதீர்கள். கீழாநிலைக் கோட்டையையும் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பான். அது கிழக்கே தள்ளி வேறு வழி, அன்றைக்குப் பணியாரக் கடைக்குப் போய்ச் சேர முடியாது.